சோதனைப் பேனையில் சுற்றிய சுருள்

எங்கள் வாசிகசாலையின் வானொலியைக் கெடுத்தவன் நான்தான். தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு, சரஸ்வதி பூசைக்கு முதல் நாள், பட்டப்பகலில், பக்தியோடு கெடுத்தேன். அந்தப் பழி இன்னொருவன் தலையில் விழுந்தபோது பக்கத்தில் இருந்து கூட்டக் குறிப்பு எழுதியவனும் நான்தான். அந்தக் குறிப்புக் கொப்பி தொண்ணூற்றைந்து இடம்பெயர்வில் தொலைந்துவிட்டது. அதனால்தான் இப்போது துணிந்து எழுதுகிறேன் என்று யாரும் நினைத்தால் அது தவறில்லை.

அப்போது எங்கள் ஊர் இணுவிலில் சண்டையால் மின்சாரம் போய் இரண்டு வருடங்களுக்கு மேல் ஆகியிருந்தது. பற்றரி தடைசெய்யப்பட்ட பொருள். வாசிகசாலை வானொலி சைக்கிளில் பாடியது. பின்சில்லு நிலத்தில் படாதபடி ஸ்ராண்டில் நிறுத்திய ஒரு சைக்கிள், அதன் டைனமோவிலிருந்து இரண்டு வயர், அவ்வளவுதான். மாலைச் செய்திக்கு ஒருவர் ஏறி இருந்து உழக்குவார். சண்டைச் செய்தி வந்தால் உழக்குகிறவரின் கால் தானாக வேகமெடுக்கும், செய்தி வாசிப்பவர் கத்துவார். விளையாட்டுச் செய்தி வந்தால் கால் தளரும், அவர் முனகுவார். இதற்கென்று சுவரில் ஒரு முறைப்பட்டியல் ஒட்டியிருந்தது. அதில் வாசிகசாலைத் தலைவரின் பெயரோ, ஓவசியரின் பெயரோ, என் பெயரோ இல்லை. தலைவர் ஓய்வுபெற்ற தபாலதிபர், ஓவசியர் வீதி வேலை மேற்பார்த்து ஓய்வுபெற்ற ஓவசியர், நான் செயலாளர். உத்தியோகம் பார்த்தவர்களும் படித்தவர்களும் செய்தியைக் கேட்பார்கள், உழக்க மாட்டார்கள்.

நான் படித்தவன் என்பதையும் விளக்கவேண்டும். உயர்தரப் பரீட்சையை மூன்று தரம் எடுத்தேன். மூன்று தரமும் பல்கலைக்கழகம் என்னை வேண்டாம் என்றது. பல்கலைக்கழகத்துக்குப் போனவர்கள் ஊரைவிட்டுப் போய்விட, போக முடியாத நான் மற்றப் பிள்ளைகளைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்புகிற மாஸ்டராக மாறினேன். யாழ்ப்பாணத்தில் இது வழக்கமான தொழில் முறைதான். வாசிகசாலை மண்டபத்தில் பின்னேரங்களில் பௌதிகம் படிப்பித்தேன். மின்காந்தத் தூண்டல் என் தனிச்சிறப்பு. சுருளைக் கரும்பலகையில் அப்படி அழகாகக் கீறுவேன். உண்மையான சுருள் ஒன்றை அதுவரை கையால் தொட்டதில்லை.

அந்தச் சைக்கிள் ஏற்பாட்டைச் செய்து தந்தவன் தெல்லிப்பழையிலிருந்து இடம்பெயர்ந்து வந்த ஒரு வானொலி திருத்துநன். அங்கே அவனுக்கு ஒரு சின்னக் கடை இருந்ததாம். இங்கே வரும்போது ஒரு சைக்கிளும், ஒரு தகரப் பெட்டி நிறையத் திருத்தும் ஆயுதங்களும், மனைவியும், சில மாதக் குழந்தையும் மட்டுந்தான். வாசிகசாலையின் பக்கச் சுவரோடு ஒரு கிடுகுக் கொட்டில் போட்டு, முன்பாதியில் திருத்தவும் பின்பாதியில் குடியிருக்கவும் தலைவர் அனுமதி கொடுத்திருந்தார். அனுமதி கொடுத்த பிறகும் கமிட்டிக்கு ஒரு கவலை தீரவில்லை. அவன் எந்தப் பகுதி ஆள், அதாவது என்ன சாதி, என்று தெரியவில்லை. உள்ளூர்க்காரன் என்றால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும், இடம்பெயர்ந்தவனிடம் நேரே கேட்கவும் முடியாது.

ஓவசியர் சுற்றி வளைத்துக் கேட்டார். "தம்பி தெல்லிப்பழையிலை எந்தப் பக்கம்?"

"ஸ்ரேசனடி, ஐயா."

"ஸ்ரேசனடியிலை எந்தக் கோயிலுக்குக் கிட்ட?"

"எல்லாக் கோயிலும் கிட்டத்தான், ஐயா. சைக்கிள் இருந்தது."

வானொலியைப் பூட்டித் தந்த அன்று அவனுக்குத் தேநீர் கொடுக்கவேண்டும். கோப்பையில் கொடுப்பதா, ஒதுக்கி வைத்திருக்கும் கிளாசில் கொடுப்பதா என்று கமிட்டி பின்பக்கத்தில் நின்று குசுகுசுத்தது. கடைசியில் அன்றைக்கு ஒருவருக்கும் தேநீர் கிடைக்கவில்லை.

பூசைக்கு வருகிறேன். தலைவருக்குப் பொட்டு வைப்பதில் தீராத ஆசை. நவராத்திரி வந்தால் மணிக்கூடு, மேசை லாச்சி, பத்திரிகை மாட்டும் கம்பி எதையும் விடமாட்டார். ஒரு வருடம் தட்டச்சுப் பொறியின் எழுத்து அச்சுகளுக்கே சந்தனமும் குங்குமமும் வைத்துவிட்டார். அடுத்த தைப்பொங்கல் வரைக்கும் எங்கள் கடிதங்களில் 'க' சிவப்பாக விழுந்தது. ஆகவே, வானொலியைத் துடைப்பதற்காக நான் அதன் முதுகைக் கழற்றி உள்ளே பார்த்தபோது, நாலு சின்னத் தகரப் பெட்டிகளின் உச்சியில் சிவப்புப் பொட்டுகளைக் கண்டதும் எனக்கு ஆச்சரியம் எதுவும் ஏற்படவில்லை. போன வருடக் குங்குமம் காய்ந்து பிடித்திருக்கிறது என்று நினைத்தேன். கலைமகளுக்கு முன்னால் பழைய பொட்டோடு ஒரு பொருளை வைக்கலாமா? பிளேட்டால் சுரண்டி எடுத்தேன்.

சுரண்டியபின் பார்த்தால் ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ஒரு கறுத்த திருகாணி. திருகாணி முடுக்கியை வைத்துப் பார்த்தேன், லேசாகத் திரும்பியது. நாலும் இளகிப்போய் இருக்கின்றன என்று முடிவுசெய்து, நாலையும் அடிமட்டும் இறுக்கினேன். ஒன்று கொஞ்சம் மறுத்தது. பலமாகத் திருகினேன். 'நறுக்' என்று ஒரு சத்தம் வந்தது. நன்றாக இறுகிவிட்டது என்று திருப்திப்பட்டேன்.

அது இறுக்குவதற்கான ஆணி இல்லை என்பது வகுப்பில் நானே படிப்பிக்கும் விசயம். சுருளின் நடுவே அகணி என்கிற அந்தக் கறுத்த உட்கோல் உள்ளே போகப்போகத் தூண்டுதிறன் கூடும், வெளியே வரவரக் குறையும். அது மாறினால் வானொலி பிடிக்கும் நிலையம் மாறும். இதை நூறு பிள்ளைகளுக்காவது சொல்லிக் கொடுத்திருப்பேன். கரும்பலகையில் அந்த அகணிக்கு நான் நீல வெண்கட்டி பாவிப்பேன். இது கறுப்பாக இருந்ததால் எனக்கு அடையாளம் தெரியவில்லை.

பூசையில் வைத்த பொருளை விசயதசமி வரை தொடக்கூடாது. அதனால் ஒன்றும் தெரியாமல் எனக்கு ஒரு நாள் நிம்மதி கிடைத்தது. விசயதசமி காலை, புதுப் பொட்டோடு வானொலியைச் சைக்கிளில் பூட்டி ஒருவரை உழக்கவிட்டால் வெறும் இரைச்சல்தான் வந்தது. எவ்வளவு உழக்கினாலும் இரைச்சல் பலமாகியதே தவிர, ஒரு சொல் வரவில்லை. அந்த 'நறுக்' என்ன சத்தம் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. கமிட்டிக்கு யோசிக்க ஒரு நிமிடமும் தேவைப்படவில்லை.

"நல்ல சாமானைக் கழட்டிப்போட்டு உதவாததைப் பூட்டியிருக்கிறான்," என்றார் ஓவசியர். "நான் அப்பவே சொன்னனான், ஆரின்ரை ஆள் எண்டு தெரியாமல் உள்ளுக்கு விடக்கூடாதெண்டு."

"ஞாயிற்றுக்கிழமை விசேட கூட்டம் வைப்பம்," என்றார் தலைவர். "களவெண்டு தெரிஞ்சால் கொட்டிலைக் கழட்டத்தான் வேணும். செயலாளர், குறிச்சுக்கொள்ளும்."

நான் குறித்துக்கொண்டேன். பக்கச் சுவருக்கு அப்பால் குழந்தை அழுதுகொண்டிருந்தது. கொட்டிலைக் கழற்றினால் அவர்கள் எங்கே போவார்கள் என்பது எனக்குத் தெரியாது. ஏற்கெனவே ஒரு வீட்டை விட்டு வந்தவர்கள். நான் எழும்பி, 'இறுக்கினது நான்' என்று இரண்டு சொல் சொல்லியிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். ஆனால் மின்காந்தம் படிப்பிக்கும் மாஸ்டர் தூண்டற் சுருளின் அகணியை வெறும் திருகாணி என்று நினைத்து இறுக்கினார் என்ற கதை பக்கத்து ஊர்க் கோண்டாவில் சந்தியைத் தாண்ட அரை மணித்தியாலம் போதும். ஞாயிற்றுக்கிழமைக்குள் நானே அந்தச் சுருளைச் சரிசெய்துவிட்டால் வானொலியும் பாடும், அவனும் தப்புவான், என் மானமும் தப்பும் என்று கணக்குப் போட்டேன்.

'ஆராய்ந்து பார்க்கிறேன்' என்று சொல்லி வானொலியை வீட்டுக்குக் கொண்டுபோனேன். அந்த மறுத்த திருகாணியின் அகணி மூன்று துண்டாக நொறுங்கியிருந்தது. துண்டுகளைக் கடதாசியில் மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தேன். புது அகணிக்கு யாழ்ப்பாணம் ரவுனில் மூன்று கடை ஏறி இறங்கினேன். ஒருவர் நான் கேட்டதை இரண்டு தரம் சொல்லச் சொன்னார், பக்கத்துக் கடைக்காரரையும் கூப்பிட்டுக் கேட்கவைத்தார். "தம்பி, சவுக்காரத்துக்கே இஞ்சை சனம் அலையுது," என்றார் பிறகு. "விளக்குத்திரி வேணுமெண்டால் கிடக்கு."

எங்கள் ஒழுங்கையில் செத்த வானொலி இல்லாத வீடில்லை. அதில் ஒன்றிலிருந்து ஒரு சுருளைக் கழற்றலாம் என்று வீடுவீடாகப் போனேன். எல்லா வானொலியும் பூப்போட்ட உறைக்குள் பத்திரமாக இருந்தது. ஒரு வீட்டில், கரண்ட் வந்தவுடன் பாடும் என்றார்கள். இன்னொரு வீட்டில் அது மூத்த மகளுக்கென்று வைத்தது என்றார்கள். மகளுக்கு நாலு வயது. மூன்றாவது வீட்டு அம்மா உறையைத் தூக்கிக் காட்டி, "வடிவாப் பாருங்கோ மாஸ்டர், ஒரு கீறல் இல்லை," என்று பெருமைப்பட்டார். உள்ளே கறையான் மண் தெரிந்தது. அதையும் தரமாட்டேன் என்றார்.

சரி, நானே செய்கிறேன் என்று உட்கார்ந்தேன். முதல் இரண்டு நாள் கணித்தேன். சுற்றுகளின் எண்ணிக்கை, குறுக்குவெட்டுப் பரப்பு, நீளம் என்று ஐந்து பக்கம் வந்தது. விடை மூன்று தசமதானத்துக்குச் சரி. விடைக்குக் கீழே இரண்டு கோடும் போட்டேன். பிறகுதான் கம்பியைக் கையில் எடுத்தேன். பழைய சுருளின் தலைமயிர் போன்ற கம்பி இரண்டு இடத்தில் அறுந்தது. அகணிக்காக, சைக்கிள் கடையில் அராவிய இரும்புத்தூளை மெழுகுதிரியில் குழைத்து உருட்டினேன். பூட்டி, வகுப்புப் பிள்ளை ஒருவனை உழக்கவிட்டுப் பார்த்தபோது வானொலி வயிற்றுவலிக்காரன் போல ஊளையிட்டது. சனிக்கிழமை மத்தியானம் ஐந்து பக்கக் கணக்கையும் மடித்து வைத்துவிட்டு, வானொலியைத் தூக்கிக்கொண்டு அந்தக் கொட்டிலுக்கே போனேன்.

அவன் என்னைவிட ஒரு வயது மூத்தவனாகவோ இளையவனாகவோ இருக்கலாம். நான் அவனை 'நீர்' என்பேன். மரியாதை கொடுத்தது போலவும் கொடுக்காதது போலவும் இருக்க யாழ்ப்பாணத்தார் வைத்திருக்கும் வசதி அது. அவன் என்னை எப்போதும் 'மாஸ்டர்' என்பான்.

முதுகைக் கழற்றியதும் அவன் நாலு பெட்டியின் உச்சியையும் விரலால் தடவிப் பார்த்தான்.

"மாஸ்டர், நாலையும் ஆரோ அடிமட்டும் இறுக்கியிருக்கினம்."

"ஓமோ?"

"நான் வைச்ச பூச்சையும் காணேல்லை."

"என்ன பூச்சு?"

"சரியான இடத்திலை நிப்பாட்டினாப்பிறகு அசையாமல் இருக்க ஒரு சொட்டு வைக்கிறது. இவவின்ரை நகப்பூச்சு. சிவப்பு."

எனக்கு முகம் சுட்டது. தப்பிக்க வழி இல்லை. "நான் அதைக் குங்குமம் எண்டு நினைச்சிட்டன்," என்றேன்.

சேலைத் திரைக்குப் பின்னால் அவன் மனைவி சிரிப்பை அடக்க முடியாமல் இருமினாள். அவன் சிரிக்கவில்லை. "உங்கடை வகுப்பு சுவராலை எனக்கு வடிவாக் கேக்கும், மாஸ்டர்," என்றான். "அகணியை அசைச்சால் என்ன நடக்கும் எண்டு போன மாசம் நல்லாச் சொல்லிக் குடுத்தனீங்கள்." அதில் குத்தல் இருந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இருந்திருக்கவேண்டும் என்று விரும்புகிறேன்.

பிறகு அவன் வேலையைத் தொடங்கினான். தகரப் பெட்டிக்குள் தேடி, வேறொரு வானொலியில் அன்டெனாவாகக் கிடந்த கறுத்த கோலின் முறிந்த துண்டொன்றை எடுத்தான். அதைச் சீமெந்து நிலத்தில் தண்ணீர் விட்டுத் தேய்த்துத் தேய்த்து மெல்லிதாக்கினான். "அகணி ஆச்சு. இனி உதை உள்ளுக்கும் வெளியிலும் மெள்ள மெள்ள நகர்த்த ஒரு திருகுப்புரி வேணும். இரும்பாக இருக்கக்கூடாது," என்று சுற்றுமுற்றும் பார்த்தவன், என் சட்டைப் பையில் பார்வையை நிறுத்தினான். "மாஸ்டர், அந்தப் பேனை தாறியளோ?"

அது என் மைப்பேனை. உயர்தரம் மூன்று தரமும் எழுதிய பேனை. ஒவ்வொரு நவராத்திரிக்கும் பரீட்சை அட்டையோடு சேர்த்து, ஊரே பார்க்கக் கலைமகளின் காலடியில் வைத்து எடுத்த பேனை. கழற்றிக் கொடுத்தேன். அவன் நிப்பையும் மைக்குழாயையும் பிடுங்கி எறிந்தான். கழுத்துப் பகுதிக்குள் கறுத்த துண்டை உருக்கிய பிளாஸ்ரிக்கால் ஒட்டினான். கழுத்தைத் திருகினால் அகணி உள்ளே போய் வரும் அந்த உடலின் மேல், பழைய கம்பியில் மிஞ்சியதைச் சுற்றினான். "குழாய் தடிப்பு, குறைஞ்ச சுத்துக் காணும்," என்றான். எண்ணிச் சுற்றவில்லை, சுற்றிவிட்டு எண்ணினான். என் ஐந்து பக்கச் சூத்திரத்தில் பேனையின் தடிப்பைப் போட்டுப் பார்த்தேன், அவன் சுற்றோடு வித்தியாசம் இரண்டே இரண்டு. அந்த ஒரு விசயத்தில் மட்டும் எனக்குச் சின்ன சந்தோசம்.

கரியில் சூடாக்கிய கோலால் ஈயம் வைத்துப் பூட்டி, தன் சைக்கிள் டைனமோவில் வயரை மாட்டியபின், "உழக்குங்கோ மாஸ்டர்," என்றான். வாழ்நாளில் முதல் தடவையாக வானொலிக்கு உழக்கினேன். அவன் மூங்கிலில் சீவிய குச்சியால் மற்ற மூன்றையும் காதால் கேட்டுக் கேட்டு வெளியே திருகினான். இரும்பு முடுக்கி கிட்ட வந்தால் சுருள் பொய் சொல்லும் என்றான். கடைசியில் பேனையின் கழுத்தைப் பிடித்து மெல்லத் திருகினான். இரைச்சலுக்குள்ளிருந்து முதலில் ஒரு நாதஸ்வரம் வந்தது. இன்னும் கால் சுற்றுத் திருக, ஒரு பெண் குரல் தெளிவாக மழை பெய்யும் என்று சொன்னது. ஏணையில் கிடந்த குழந்தை காலை உதைத்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. மூன்று தரம் சோதனை எழுதி ஒன்றுக்கும் உதவாத பேனை அன்றுதான் ஒரு விடையைச் சரியாகச் சொன்னது.

அவன் மனைவியிடம் நகப்பூச்சுப் போத்தலை வாங்கி, பேனையின் கழுத்தும் உடலும் சேரும் இடத்தில் ஒரு சிவப்புச் சொட்டு வைத்தான். "உது குங்குமம் இல்லை, மாஸ்டர்," என்றான். பிறகு போத்தலை மூடிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டான்:

"நாளைக்குக் கூட்டத்திலை சொல்லுவியள்தானே?"

"ஓம், சொல்லுறன்."

அதைச் சொன்னபோது உண்மையாகவே சொல்லும் எண்ணம் எனக்கு இருந்தது. இதை யாரும் நம்பவேண்டும் என்று கேட்கமாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை, முதுகில் பேனை தொங்க, வானொலி மேசையில் ஏறியது. அவனைக் கூட்டத்துக்குக் கூப்பிடவில்லை. உழக்கினார்கள், பாடியது. தலைவர் எழும்பிச் சுற்றி வந்து பார்த்தார்.

"இது எங்கடை மாஸ்டரின்ரை சோதனைப் பேனை எல்லோ!"

"ஓம்," என்றேன்.

"படிச்ச மூளை எண்டால் சும்மாவே?" என்றார் தலைவர். கை தட்டினார்கள். "இல்லை, அந்தப் பெடியன்தான்..." என்று தொடங்கினேன். கைதட்டல் ஓயட்டும், முழுவதையும் சொல்லலாம் என்று நிறுத்தினேன். ஓய்ந்தபோது ஓவசியர் முந்திக்கொண்டார்.

"ஓம், அந்தப் பெடியனைப் பற்றித்தான் நானும் கேக்கிறன். மாஸ்டர் புதுச் சாமான் செய்து பூட்டவேண்டி வந்ததெண்டால், பழைய சாமான் எங்கை?"

பழைய சாமான் மூன்று துண்டாக என் சட்டைப் பைக்குள் கிடந்தது. அதை எடுத்து மேசையில் போட்டால் போதும், வாய் திறக்கவும் தேவையில்லை. கை பை வரைக்கும் போனது. எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அதுவும் மதிப்போடு பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்படி யாரும் என்னைப் பார்த்து வருடக்கணக்காகிவிட்டது. கை திரும்பி வந்தது.

"கேள்வி நியாயமானது," என்றார் தலைவர். "இனித் திருத்த வேலைக்கு எங்கடை மாஸ்டரே இருக்கிறார். வெளியாள் எதுக்கு? செயலாளர், தீர்மானத்தை எழுதும்."

என்னிடம் பேனை இல்லை. தலைவர் தன் பேனையைத் தந்தார். களவுபோன உதிரிப்பாகம், கொட்டிலை அகற்றல், முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர் என்று எல்லாவற்றையும் ஒரு பிழையில்லாமல் எழுதி, அடியில் என் கையெழுத்தையும் வைத்தேன். சுவருக்கு அப்பால் சத்தமே இல்லை. என் வகுப்பு அவனுக்குக் கேட்கும் என்றால் கூட்டமும் கேட்டிருக்கும்.

அடுத்த நாள் காலை கொட்டிலின் கிடுகுகளை அவிழ்த்துச் சைக்கிளில் கட்டிக்கொண்டிருந்தான். நான் போய் நின்றேன். மனைவி குழந்தையைத் தூக்கிக்கொண்டு மறுபக்கம் திரும்பிக்கொண்டாள். அவன் கயிற்றை இறுக்கி முடிந்துவிட்டு, "பாடுதோ, மாஸ்டர்?" என்று மட்டும் கேட்டான்.

"ஓம், பாடுது."

"கவனமா வைச்சிருங்கோ," என்றான். எங்கே போகிறான் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் போய்ப் பார்க்கவேண்டி வரும்.

வானொலி ஒரு வருடம் பழுதில்லாமல் பாடியது. ஊரில் பலர் தங்கள் செத்த வானொலிகளை, உறையோடு, என்னிடம் கொண்டுவந்தார்கள். நேரமில்லை என்று சொல்லி அனுப்பினேன். அந்த அடக்கத்தையும் மெச்சினார்கள்.

அடுத்த நவராத்திரி வந்தது. பூசைக்கு முதல் நாள் துப்புரவு. தலைவர் சந்தனக் கிண்ணத்தோடு நின்றார். ஓவசியர் வானொலியைத் திருப்பி வைத்து, பேனையின் கழுத்தில் இருந்த சிவப்புச் சொட்டைக் கண்டு, பிளேட்டை எடுத்துக் குனிந்தார்.

"தொடாதேங்கோ!" என்று கத்திவிட்டேன்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஏன் மாஸ்டர், உது என்ன?" என்றார் தலைவர்.

ஒரு வருடம் காத்திருந்த கேள்வி, நேருக்கு நேராக வந்து நின்றது. பக்கச் சுவருக்கு அப்பால் இப்போது வெறும் நிலந்தான்.

"குங்குமம், ஐயா," என்றேன். "போன வருசத்தது. இருக்கட்டும்."